999 ஆண்டுக் குத்தகையும் 1,000 ஆண்டுக் குத்தகையும்

தில்லியை ஒட்டிய காஜியாபாதின் கவி நகரில், 2025 ஜூலையில் ஒரு வாடகை பங்களாவுக்குள் உத்தரப் பிரதேச சிறப்பு அதிரடிப் படையினர் நுழைந்தபோது, அங்கு ஒரு தூதரகம் இயங்கிக் கொண்டிருந்தது. வாசலில் கொடிகள். தூதரக எண் பலகை பொருத்திய சொகுசுக் கார்கள். உள்ளே 12 தூதரகக் கடவுச்சீட்டுகள், வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை குத்தப்பட்ட போலி ஆவணங்கள், 44 லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கம். வெஸ்டார்க்டிகா, செபோர்கா, லடோனியா, பௌல்வியா ஆகிய நாடுகளின் தூதர் என்று சொல்லிக் கொண்டவர் கைது செய்யப்பட்டார். வெளிநாட்டு வேலை வாங்கித் தருவதாகப் பலரிடம் அவர் பணம் பறித்தார் என்பது போலீஸாரின் குற்றச்சாட்டு.

அந்தச் செய்தியைப் படித்துத் தலைநகரமே சிரித்தது. சாணக்கியபுரியின் உண்மையான தூதரகங்களிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் நடந்த கூத்து அது. ஆனால், பணம் கொடுத்து ஏமாந்தவர்களுக்கு அது சிரிப்புக்குரிய செய்தியாக இருந்திருக்காது.

தாமே அறிவித்துக்கொண்ட இத்தகைய குறுநாடுகள் உலகெங்கும் உள்ளன. வெஸ்டார்க்டிகா என்பது அண்டார்க்டிகாவில் எந்த நாடும் உரிமை கோராத பனிப்பரப்பைத் தமது என்று அமெரிக்கர் ஒருவர் 2001-ல் அறிவித்ததன் பெயர். அங்கு குடிமக்கள் எவரும் வசிக்கவில்லை. லடோனியாவோ, ஸ்வீடன் கடற்கரையில் கரையொதுங்கிய மரத்துண்டுகளைக் கொண்டு சிற்பம் எழுப்பிய லார்ஸ் வில்க்ஸ் என்ற கலைஞர், அதை இடிக்கச் சொன்ன அரசை எதிர்த்து 1996-ல் அறிவித்த 'நாடு'. ஒரு கலைஞனின் கேலி அது. அந்தக் கேலியை உண்மை என்று நம்பி, 2002-ஆம் ஆண்டு வாக்கில் பாகிஸ்தானியர்கள் ஆயிரக்கணக்கில் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தனர் என்பதுதான் வேதனை. ஆஸ்திரேலியாவில் கோதுமைக்கு அரசு விதித்த விற்பனை அளவை எதிர்த்து 1970-ல் தமது பண்ணையைத் தனி நாடாக அறிவித்த விவசாயி லியோனார்ட் கேஸ்லி, ஏறக்குறைய அரை நூற்றாண்டு இளவரசராக வலம்வந்தார். 2020-ல் அவரது வாரிசுகள் வரிபாக்கியைக் கட்ட முடியாமல் அந்த 'நாட்டை'க் கலைத்தனர்.

கேலியாகவும் கோபமாகவும் தொடங்கிய இந்த வரிசையில், தப்பியோடியவர் ஒருவருக்கான புகலிடமாகச் சேர்ந்ததுதான் 'கைலாசா'.

திருவண்ணாமலையில் பிறந்து, கர்நாடகத்தின் பிடதியில் ஆசிரமம் நடத்தி, பாலியல் வன்கொடுமை வழக்கில் விசாரணையை எதிர்கொண்டிருந்த நித்யானந்தா, நாட்டைவிட்டு வெளியேறினார். ஆமதாபாத் ஆசிரமத்தில் சிறார்கள் அடைத்துவைக்கப்பட்டதாக 2019 நவம்பரில் குஜராத் போலீஸார் வழக்குப் பதிவு செய்த பிறகுதான் அவர் நாட்டில் இல்லை என்பது பொதுவெளியில் பேசப்பட்டது. அடுத்த மாதமே 'கைலாசா' என்ற இந்து நாட்டின் அறிவிப்பு இணையத்தில் வெளியானது. ஈகுவடாரிடம் தீவு வாங்கப்பட்டதாகக் கூறப்பட்டது. புகலிடம் அளிக்கவில்லை, நிலம் வாங்க உதவவும் இல்லை என்று தில்லியில் உள்ள ஈகுவடார் தூதரகம் மறுத்தது. ஓர் இணையதளத்தை உருவாக்குவதும் ஒரு நாட்டை உருவாக்குவதும் வேறு வேறு என்ற பொருளில் வெளியுறவு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளர் ரவீஷ் குமார் அப்போது பதிலளித்தார். நித்யானந்தாவின் கடவுச்சீட்டு ரத்து செய்யப்பட்டுவிட்டது என்றும் அவர் தெரிவித்தார்.

அந்தப் பதில் சரியானது. ஆனால் போதுமானதாக இல்லை என்பதைப் பின்னர் நடந்தவை காட்டின. 2020 விநாயகர் சதுர்த்தியன்று கைலாசாவின் 'ரிசர்வ் வங்கி'யும் தங்க நாணயமும் அறிமுகமாயின. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நியூவார்க் நகர நிர்வாகம், விழா எடுத்து அதனுடன் 'சகோதர நகர' ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒரு வாரத்துக்குள் ஏமாந்ததை உணர்ந்து ரத்து செய்தது. அதே ஆண்டு பராகுவேயில் வேளாண் அமைச்சகத்தின் உயர் அதிகாரி ஒருவர், கைலாசாவுடன் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்காகப் பதவியிழந்தார். ஒரு மாநகர நிர்வாகத்திலும் ஓர் அமைச்சகத்திலும், எதிரே நிற்பது நாடுதானா என்று ஒருவரும் உலக வரைபடத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. கொடியும் முத்திரையும் சீருடையும் இருந்தால் கேள்வி கேட்காத பழக்கம் கவி நகருக்கு மட்டும் உரியதல்ல.

பொலிவியாவில் நடந்ததோ வெறும் ஏமாளித்தனத்தின் கதை அன்று. அமேசான் காடுகளில் வாழும் பௌரே உள்ளிட்ட பழங்குடி மக்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கக் கைலாசாவினர் ஒப்பந்தம் போட்டது 2025 மார்ச்சில் அம்பலமானது. பௌரே தலைவர்கள் பேசி ஒப்புக்கொண்டது 25 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டாலர் வாடகைக்கு. ஆனால், ஆங்கிலத்தில் எழுதி நீட்டப்பட்ட பத்திரத்தில் இருந்ததோ 1,000 ஆண்டுகள். நிலத்தடிக் கனிமங்களும் வான்வெளியும் சேர்த்து. பொலிவிய அரசு அந்த ஒப்பந்தங்கள் செல்லாது என்றது. கைலாசாவைச் சேர்ந்த 20 பேரைப் பிடித்து நாட்டைவிட்டு வெளியேற்றியது.

ஆயிரம் ஆண்டுக் குத்தகை என்றதும் தமிழக வாசகர்களுக்கு இன்னொரு குத்தகை நினைவுக்கு வந்திருக்கும்.

1886 அக்டோபர் 29-ல், திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கும் இடையே பெரியாறு நீர்த்தேக்கத்துக்காக ஒப்பந்தம் கையெழுத்தானது. சுமார் 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை. காலம் 999 ஆண்டுகள். கையெழுத்திட்ட இரு தரப்பும் இன்று இல்லை. அந்த பிரிட்டிஷ் அமைச்சர் பதவி 1947-ல் ஒழிந்தது. திருவிதாங்கூர் 1949 ஜூலை 1-ல் கொச்சியுடன் இணைந்து, 1956-ல் கேரளத்துக்குள் கரைந்தது. ஆனால் குத்தகை கரையவில்லை. 1970-ல் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டு, அதே ஒப்பந்தம் தொடர்ந்தது. 2014 மே 7-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அது வெறும் குத்தகை ஒப்பந்தமே என்றும், சென்னை மாகாணத்தின் வாரிசு என்ற முறையில் தமிழ்நாட்டுக்கு அதில் உரிமை உண்டு என்றும் தீர்ப்பளித்தது. தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்ட விவசாயிகள் அந்தக் காகிதத்தின் பலத்தில் நெல் விதைக்கின்றனர்.

999 ஆண்டுக் குத்தகை, எழுதியவர்கள் மறைந்த பின்னும் நிற்கிறது. 1,000 ஆண்டுக் குத்தகை, எழுதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கிழிந்தது. பௌரே மக்களிடம் நடந்த வஞ்சகம் மட்டுமே இதற்குக் காரணமல்ல. 1886 ஒப்பந்தமும் சமபலம் கொண்டவர்களுக்கு இடையே எழுதப்பட்டதல்ல என்பது கேரளத்தின் நெடுநாள் வாதம். அதில் வரலாற்று நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால், திருவிதாங்கூரை ஏற்காதவரையும் திருவிதாங்கூரின் காகிதம் கட்டுப்படுத்தியது. அதன் எல்லைக்குள் மனிதர்கள் பிறந்தார்கள், வரி கட்டினார்கள், சிறை சென்றார்கள். ஓர் அரசு உண்மையானதா என்பதை அதன் பக்தர்களிடம் கேட்டுப் பயனில்லை. அதை நம்பாதவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

சட்டப் புத்தகம் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். 1933-ல் உருகுவேயின் மாண்டிவிடியோவில் அமெரிக்கக் கண்ட நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, ஒரு நாட்டுக்கு நான்கு தகுதிகளை வகுத்தது: நிலையான மக்கள்தொகை, வரையறுக்கப்பட்ட நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளுடன் உறவு கொள்ளும் திறன். பிறர் அங்கீகரித்தாலும் அங்கீகரிக்காவிட்டாலும் ஒரு நாடு நாடுதான் என்றும் அதே உடன்படிக்கை கூறுகிறது. குறுநாடுகளின் 'அதிபர்கள்' அனைவரும் மேற்கோள் காட்டுவது இந்தக் கடைசி வரியை மட்டுமே. முதல் மூன்று தகுதிகளை அவர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள்.

ஆனால் அந்தத் தகுதிகள் அனைத்தும் இருந்தும் நாடாக முடியாமல் போன கதையும் உண்டு. அது திருவிதாங்கூரின் கதையேதான்.

1947 ஜூன் 11-ல், பிரிட்டிஷ் மேலாதிக்கம் நீங்கும் நாளில் திருவிதாங்கூர் சுதந்திர நாடாகும் என்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். அது இணையதள நாடு அல்ல. 1941 கணக்கெடுப்பின்படி 60 லட்சம் மக்கள். சொந்தப் படை, சொந்த அஞ்சல், சொந்த நாணயம், துறைமுகம். கடற்கரை மணலில் அணுசக்திக்குத் தேவையான தோரியம் தரும் மோனசைட். அதன்மீது பிரிட்டனும் அமெரிக்காவும் கண் வைத்திருந்தன. ஜின்னா வரவேற்றுத் தந்தி அனுப்பினார். பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியும் நியமிக்கப்பட்டார். இத்தனைக்குப் பிறகும் அந்தச் சுதந்திரம் ஆகஸ்ட் மாதத்தைப் பார்க்கவில்லை. சமஸ்தானங்களைத் தனி நாடுகளாக அங்கீகரிக்கும் எண்ணம் இல்லை என்று பிரிட்டிஷ் அமைச்சர் லிஸ்டோவல் பிரபு, பிரபுக்கள் அவையில் ஜூலையில் கைவிரித்தார்.

வெளியிலிருந்து வந்த மறுப்பைவிட உள்ளிருந்து எழுந்த மறுப்பே வலியது. திவானின் அரசியல் திட்டத்தை எதிர்த்துப் புன்னப்புராவிலும் வயலாரிலும் 1946 அக்டோபரில் மக்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாகியிருந்தனர். 1947 ஜூலை 25-ல் திருவனந்தபுரத்தில் திவான் மீதே கொலைவெறித் தாக்குதல் நடந்தது. சில நாள்களில் மகாராஜா இந்தியாவுடன் இணைய இசைந்தார். மக்கள் இருந்தார்கள், ஆனால் அந்த நாடு வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை.

அங்கீகாரம் என்பது முழுக்க முழுக்க நியாயத்தின்படி வழங்கப்படுவதாகவும் எண்ண வேண்டியதில்லை. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைவதற்குப் பத்து நாள் முன்பே, 1971 டிசம்பர் 6-ல் வங்கதேசத்தை இந்தியா அங்கீகரித்தது. ஏழரைக் கோடிப் பேர் கொண்ட அந்த நாடு ஐ.நா.வில் சேர 1974 வரை காத்திருக்க நேர்ந்தது. 1972-ல் குறுக்கே நின்றது சீனாவின் வீட்டோ. 1971 வரை சீனாவின் பெயரில் ஐ.நா.வில் அமர்ந்திருந்த தைவானை இன்று அங்கீகரிப்பவை சில சிறு நாடுகளே. 2008-ல் சுதந்திரம் அறிவித்த கொசோவோவை நூறு நாடுகளுக்கு மேல் ஏற்றன, இந்தியா ஏற்கவில்லை. ஒவ்வொரு தலைநகரும் தன் வீட்டுக் கவலையை மனதில் வைத்தே அடுத்தவர் வீட்டைப் பற்றி முடிவெடுக்கிறது. தில்லியும் விதிவிலக்கல்ல.

தமிழர்களுக்கு இது பாடப்புத்தகச் செய்தி அல்ல. 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் ஒரு மக்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களால் நிறைவேற்றப்பட்டு, அடுத்த ஆண்டுத் தேர்தலில் மக்கள் முன் வைக்கப்பட்டது. பிற்காலத்தில் வன்னியில் விடுதலைப் புலிகள் நீதிமன்றம், காவல்துறை, வங்கி, வரிவசூல் என ஓர் அரசின் உறுப்புகள் பலவற்றையும் நடத்தினர். ஒரு நாடும் அதை அங்கீகரிக்கவில்லை. 2009-ல் அது அழிந்தபோது அந்த நிலப்பரப்புக்குள் சிக்கியிருந்த மக்களைக் காக்கவும் எந்த நாடும் முன்வரவில்லை. புலிகளின் வழிமுறைகளைப் பற்றிய கருத்து எதுவாயினும், ஒரு மக்கள் சமூகத்தின் அரசியல் கோரிக்கையும் ஒரு தப்பியோடியவரின் கோரிக்கையும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை அல்ல.

ஆனால் ஜெனீவாவில் நடந்தது அதுதான்.

2023 பிப்ரவரி இறுதியில் ஜெனீவாவில் ஐ.நா.வின் இரண்டு குழுக்கள் பொது விவாதங்களை நடத்தின. யாரும் பெயர் பதிந்து பங்கேற்கக்கூடிய அக்கூட்டங்களில், கைலாசாவின் பிரதிநிதிகள் எழுந்து, தங்கள் குரு தாய்நாட்டில் துன்புறுத்தப்படுவதாகவும், அதைத் தடுக்க வேண்டும் என்றும் பேசினர். மரபு அறிவு, பழங்குடி உரிமை, இன ஒடுக்குமுறை ஆகிய சொற்கள் அங்கு புழங்கின. அவர்கள் சொன்னவை கருத்தில் கொள்ளப்படமாட்டா என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் விளக்கம் அளிக்க நேர்ந்தது.

ஜெனீவாவின் அந்தத் திறந்த கதவு வழியாகத்தான், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் புகைப்படங்களோடு வடகிழக்கு இலங்கையின் தாய்மார்கள் ஆண்டுதோறும் நியாயம் கேட்டனர். அரசுகள் பேச மறுக்கும் செய்தியைப் பேச, அரசு இல்லாதவர்களுக்கு உள்ள மிகச் சில இடங்களில் ஒன்று அது. அந்தக் கதவைக் காவல் போட்டு இறுக்க வேண்டும் என்று விரும்பும் அரசுகளுக்கு, கைலாசாவைவிட நல்ல சாக்கு கிடைக்காது. நியூவார்க் மேயரின் சங்கடம் சிறியது. பௌரே மக்களின் பெயரையும், ஒடுக்கப்பட்டோர் என்ற சொல்லையும் ஒருவர் தமது முகமூடியாக்கியதே பெரிய சேதம். வெளியுறவு அமைச்சகம் கிண்டலோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்திய நீதிமன்றங்களில் நிலுவையில் உள்ள வழக்குகளின் விவரத்தைத் தூதரகங்கள் வழியாக முன்கூட்டியே தெரிவித்திருந்தால், நியூவார்க்கும் பராகுவேயும் ஏமாந்திருக்க வாய்ப்பில்லை.

அங்கீகாரம் என்ற சொல்லுக்கு உயிர்ப்பான பொருளைக் காண ஜெனீவா வரை செல்லவும் தேவையில்லை. போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டினால் சாந்தன்பாறை. இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலை வட்டத்தின் ஏலத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஊர். 2022-ல் அங்குள்ள கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. மற்ற நாள்களில் அந்தப் பக்கம் பார்வை செல்வதில்லை. தேனி மாவட்டத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு வரும் தொழிலாளர்களும், தலைமுறைகளாக அங்கேயே தங்கிவிட்டவர்களும் அந்தத் தோட்டங்களின் உழைப்பாளிகள். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மொழியை மட்டுமே அளவுகோலாகக் கொள்ள இயலாது என்று பசல் அலி ஆணையம் கருதியதால், 1956-ல் அவை கேரளத்திடமே தங்கின. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தின்போது, ஏலத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பத்தோடு மலையிறங்கி ஓடிவந்ததைத் தேனி மக்கள் மறந்திருக்க முடியாது.

அந்த மலையிலும் மன்னர் ஒருவர் உண்டு. கட்டப்பனையை அடுத்த கோவில்மலையில் மன்னான் பழங்குடியினரின் அரசர் ராமன் ராஜமன்னான். அவர் நாடு எதையும் அறிவிக்கவில்லை, நாணயம் எதையும் வெளியிடவில்லை. 2025 குடியரசு தின விழாவுக்கு அரசின் அழைப்பில் துணைவியாரோடு தில்லி வந்து, அணிவகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

சாந்தன்பாறை பகுதி மக்களுக்குத் தேவைப்படும் அங்கீகாரம் பட்டாவும் சாதிச் சான்றிதழும்தான். அவற்றைத் தடுத்து நிற்பதும் மறைந்துபோன ஒரு நாட்டின் காகிதமே. ஏலமலைக் காடுகளை ஒதுக்கி 1897-ல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட அறிவிக்கையின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது நீதிமன்றத்தில் வழக்கு. முன்னால் நிற்கும் ஒரேயொரு '2' உண்டா இல்லையா என்பதில், பல்லாயிரம் குடும்பங்களின் வீடும் தோட்டமும் காடா, வருவாய் நிலமா என்பது அடங்கியிருக்கிறது. காட்டைக் காக்க வேண்டும் என்போரின் வாதமும் தள்ளத்தக்கதல்ல. மதிகெட்டான் சோலையை ஆக்கிரமிப்பாளர்கள் என்ன செய்தார்கள் என்பது அந்த மலைக்கே தெரியும். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஏலமலை ஒதுக்கு நிலங்களில் புதிய பட்டா வழங்க இடைக்காலத் தடை விதித்தது.

சாதிச் சான்றிதழின் கதை அடுத்த தொகுதியில் நடந்தது. தேவிகுளம் தனித்தொகுதியில் 2021-ல் வென்று, சட்டப்பேரவையில் தமிழில் பதவியேற்றவர் அ. ராஜா. அவர் கேரளத்தின் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் அல்லர் என்று கூறி, 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவரது தேர்தலை ரத்து செய்தது. குடியரசுத் தலைவரின் ஆணை பிறந்த 1950-ஆம் ஆண்டுக்கு முன்பே, தமிழகத்திலிருந்து சென்ற அவரது முன்னோர் மூணாறு அருகே குண்டளை எஸ்டேட்டில் நிலையாகக் குடியேறிவிட்டார்களா என்பதே வழக்கின் முக்கியக் கேள்விகளில் ஒன்று. தேயிலை கிள்ளப் போன ஒரு குடும்பம் எந்த ஆண்டில் எந்த எஸ்டேட்டில் வசித்தது என்று முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு இரண்டு நீதிமன்றங்கள் ஆவணங்களைப் புரட்டின. 2025 மே 6-ல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, ராஜாவின் தேர்தல் செல்லும் என்றது. அதே போன்ற சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகங்களில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு, உச்ச நீதிமன்றம் வரை செல்லும் வசதி கிடையாது.